இருபத்து நான்கு மணி நேரப் பணி: தீயணைப்பு வீரர் லேரி பிரவுன் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் மறைந்தால் வெளியாகும் இரங்கல் குறிப்பு பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் அமைகிறது. முதலில் படையில் ஆற்றிய பணி வரும். அடுத்துத் தீயணைப்புத் துறையில் கழிந்த ஆண்டுகள், அதன்பின் குடும்பம். கடைசியில், மரவேலையிலும் இசையிலும் எழுத்திலும் ஈடுபாடு கொண்டவர் என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கடைசி வரிக்குள் எத்தனை இரவுகள் அடங்கியிருக்கின்றன என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு என்னும் சிறுநகரத்தில் 16 ஆண்டுகள் தீயணைப்புப் பணி செய்த லேரி பிரவுனின் வாழ்க்கை, அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்க்க உதவும் நிகழ்வு. அவர் முன்னாள் மரீன் படைவீரர்; தச்சு வேலை தெரிந்தவர்; கிட்டார் வாசித்தவர்; குளத்தில் மீன் வளர்த்தவர்; பத்து நூல்களுக்கு உரிய எழுத்தைத் தாமே முயன்று கற்றுக்கொண்டவர்.

இவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் தீயணைப்பு வீரர் எழுத்தாளராக மாறிய வியப்பையே முன்னிறுத்தினார்கள். பத்திரிகைக்கு அது நல்ல தலைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அங்கே மாற்றம் என்று எதுவும் தென்படவில்லை. தீயணைப்பு நிலையத்தில் எந்த முறையில் வேலை கற்றாரோ அதே முறையில்தான் எழுத்தையும் கற்றார் என்பதே இந்த ஆய்வில் நான் சொல்ல முற்படுவது.

பின்னணி

பிரவுன் 1951 ஜூலை 9 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். தந்தை இரண்டாம் உலகப் போரில் பங்கேற்றுத் திரும்பியவர். பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர். பிழைப்புக்காகக் குடும்பம் சில ஆண்டுகள் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் இருந்துவிட்டு, பிரவுனின் பதின்பருவத்தில் மீண்டும் மிசிசிப்பிக்கு வந்தது. அவருக்குப் பதினாறு வயதானபோது தந்தை இறந்தார். வீட்டில் புத்தகம் வாசிக்கும் பழக்கத்தை ஊட்டியவர் தாய். ஆனாலும் பள்ளி இறுதியாண்டில் ஆங்கிலப் பாடத்தில் தேர்ச்சி பெறாமல், கோடை வகுப்புக்குச் சென்றுதான் 1969-இல் பள்ளிப் படிப்பை முடித்தார். பின்னாளில் இதை மறைக்காமல் அவரே சொல்லிவந்தார்.

அடுப்பு செய்யும் தொழிற்சாலையில் சிறிது காலம் வேலை செய்தபின், 1970-இல் மரீன் படையில் சேர்ந்து 1972 வரை பணியாற்றினார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆயினும் அவர் வியட்நாமுக்கு அனுப்பப்படவில்லை. இரங்கல் குறிப்புகளில் முன்னாள் படைவீரர் என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் நாம் போர்க்களத்தைக் கற்பனை செய்துகொள்கிறோம். பிரவுனுக்குக் கிடைத்த படை அனுபவம் வேறு வகையானது. பிலடெல்ஃபியாவில் மரீன் முகாமில் இருந்தபோது, அங்கு வந்துபோன காயமுற்ற வீரர்களோடு பேசிப் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சக்கர நாற்காலியில் வந்தவர்களும் கால் கைகளை இழந்தவர்களும் பீர் குடித்தபடி சொன்ன கதைகளை இருபது வயது இளைஞர் ஒருவர் அருகிலிருந்து கேட்டார். போருக்குப் போகாமல் தப்பியவன் போருக்குப் போனவனின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த நிலை எளிதில் விளக்கக்கூடியது அன்று. அதிலிருந்து ஒரு நாவல் வருவதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1989-இல் வெளிவந்த 'டர்ட்டி வொர்க்' நாவலில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டில்களில் கிடக்கும் இருவர் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் கறுப்பினத்தவர், கால் கைகள் முழுவதையும் இழந்தவர். மற்றவர் வெள்ளையர், முகம் சிதைந்தவர். இருவரும் மிசிசிப்பிக்காரர்கள். நாவலின் பெரும்பகுதி பேச்சுத்தான். கேட்டுக் கேட்டுப் பழகிய காது இல்லாமல் அதை எழுதியிருக்க முடியாது.

நிலையத்தின் கால அட்டவணை

1973-இல் ஆக்ஸ்ஃபோர்டு தீயணைப்புத் துறையில் பிரவுன் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டு அப்போது ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வாழ்ந்த பல்கலைக்கழக நகரம். மாணவர் விடுதிகள், பழைய மரவீடுகள், தகர உடல் கொண்ட நகரும் வீடுகள், சுற்றிலும் பைன் காடுகள், இரவில் வேகமாகக் கார் ஓட்டும் இளைஞர்கள் என்று தீயணைப்புத் துறைக்கு வேலை தரும் எல்லாமே அங்கே இருந்தன. ஊர்ப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவு வருவது நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர்தான். அவர் 1962-இல் இறந்தபோது பிரவுனுக்குப் பத்து வயது. ஃபாக்னரின் கற்பனை மாவட்டமான யோக்னபட்டாஃபா, பிரவுன் குடும்பத்தோடு குடியிருந்த யோகோனா என்னும் பகுதி வழியே ஓடும் ஆற்றின் பழைய பெயரிலிருந்து உண்டானது. இந்த நிழலில் எழுத வருகிறவனுக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். ஆனால் பிரவுன் எழுதத் தொடங்கியபோது அவர் மனத்தில் இருந்தது ஃபாக்னரின் இடம் அல்ல, கூடுதல் வருமானம்.

நிலையத்தில் ஒரு முறைப்பணி இருபத்து நான்கு மணி நேரம் நீளும். அதன்பின் நாற்பத்தெட்டு மணி நேரம் விடுப்பு. கணக்கிட்டால் மாதத்துக்குப் பத்து நாள் வேலை. கேட்பதற்கு இது தாராளமான ஏற்பாடாகத் தோன்றும். ஊதியம் அவ்வாறு இல்லை. மனைவி, குழந்தைகள் உள்ள குடும்பத்தை நடத்துவதற்காக எஞ்சிய நாள்களில் அவர் செய்த வேலைகளின் பட்டியல் நீண்டது: மரம் வெட்டுதல், தச்சு, வீட்டுக்கு வண்ணம் பூசுதல், வேலி போடுதல், வைக்கோல் கட்டுதல், கம்பளம் சுத்தம் செய்தல், மளிகைக் கடையில் பொருள்களைப் பையில் போட்டுக் கொடுத்தல், பைன் கன்று நடுதல், சாலையோரத்தில் சிறு கடை நடத்துதல். இவற்றில் ஒவ்வொன்றும் உடம்பை வைத்துக் கற்கும் வேலை. முதல் நாள் கோணலாகப் போகும் வேலி நூறாவது நாள் நேராக நிற்கும் என்பது இவற்றைச் செய்தவனுக்குத் தெரியும்.

1980-இல், இருபத்தொன்பது வயதில், இந்த வரிசையில் எழுத்தையும் ஒன்றாகச் சேர்த்தார். வேலி போடக் கற்றுக்கொள்ள முடியுமானால் கதை எழுதவும் கற்றுக்கொள்ள முடியும் என்பதே அவருடைய துணிபு. பிறவித் திறமை என்ற கருத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பதைப் பல நேர்காணல்களில் தெளிவுபடுத்தியிருக்கிறார். மனைவியின் மின் தட்டச்சுப்பொறியை எடுத்துக்கொண்டு ஓர் அறைக்குள் புகுந்தவர், சில மாதங்களில் ஒரு நாவலுடன் வெளியே வந்தார். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மனிதர்களைத் தின்னும் கரடி ஒன்றைப் பற்றியது அது. அந்தப் பூங்காவுக்கு அவர் அதுவரை போனதே இல்லை. பதிப்பகங்கள் அதை ஏற்கவில்லை. ஏற்காதது நியாயம் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

பயிற்சிக் காலம்

இந்த நிகழ்வில் மிகுந்த கவனத்துக்குரியது 1980 முதல் 1987 வரையிலான ஏழு ஆண்டுகள்தான். வெற்றி பெற்ற பிறகு நடந்தவற்றை எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆளை உருவாக்கியது இந்த இடைவெளி.

முதல் கதை 1982-இல் 'ஈசிரைடர்ஸ்' என்ற மோட்டார் சைக்கிள் இதழில் வந்தது. இலக்கிய உலகம் அத்தகைய இதழ்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே ஆண்டு, மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் நாவலாசிரியர் எல்லன் டக்ளஸ் நடத்திய எழுத்து வகுப்பில் சேர்ந்தார். அவருடைய கல்லூரிப் படிப்பு ஏறத்தாழ இவ்வளவே. எழுத்தின் நுணுக்கங்களைவிட, என்ன வாசிக்க வேண்டும் என்பதையே அந்த வகுப்பு அவருக்குக் காட்டியது. கான்ராடும் தஸ்தயெவ்ஸ்கியும் ஃப்ளானரி ஓ'கானரும் அவர் கைக்கு வந்தார்கள். வாசிக்க வாசிக்கத் தம் எழுத்தின் குறை அவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. கரடி நாவலுக்குப் பின்னும் பிரசுரமாகாத நாவல்கள் சில எழுதினார். அவற்றுள் ஒன்றை வீட்டுக் கொல்லையில் தீயிட்டு எரித்தார். ஊரார் வீட்டுத் தீயை அணைப்பதைத் தொழிலாகக் கொண்டவர் தம் பல மாத உழைப்புக்குத் தாமே தீ வைத்த இந்தச் செய்தியைச் சிலர் விரக்தியின் அடையாளமாகப் படிக்கிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சரியாகப் பொருந்தாத மர இணைப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி அறுக்கத் தொடங்கும் தச்சனின் செயலாகவே அது தெரிகிறது. ஏனெனில் அதற்குப் பிறகும் எழுதும் வேகம் குறையவில்லை.

இந்த விடாமுயற்சிக்குத் தீயணைப்பு நிலையம் எவ்வாறு துணைநின்றது என்பதைச் சற்று விளக்க வேண்டும். நிலையத்தில் ஒரு நாளின் பெரும்பகுதி காத்திருப்பு. வண்டியைக் கழுவுவது, குழாய்களை உலர்த்திச் சுருட்டுவது, சுவாசக் கருவியின் காற்று அழுத்தத்தைச் சரிபார்ப்பது, சமைப்பது, தூங்க முயல்வது. இவற்றுக்கு நடுவே எந்த நொடியிலும் மணி ஒலிக்கலாம். மணி ஒலித்தபின் யோசிக்க நேரம் கிடையாது; யோசனையை எல்லாம் முன்கூட்டியே பயிற்சியாக உடம்பில் ஏற்றி வைத்திருக்க வேண்டும். புகை மண்டிய அறைக்குள் நிமிர்ந்து நடப்பவன் மேலே தேங்கியிருக்கும் வெப்பத்தில் சிக்குவான்; தவழ்ந்துதான் போக வேண்டும், திரும்பும் வழிக்குக் குழாயை விட்டுவிடக் கூடாது. முப்பது நிமிடத்துக்கு என்று குறிக்கப்பட்ட காற்று உருளை, மூச்சிரைக்க வேலை செய்பவனுக்கு அதைவிட மிகவும் முன்பே தீர்ந்துவிடும். இவற்றை ஒருவன் புத்தகத்தில் படித்து அறிந்திருந்தாலும் நூறு முறை செய்து பழகாவிட்டால் பயனில்லை. நிராகரிப்புக் கடிதங்கள் ஏழு ஆண்டுகள் வந்துகொண்டிருந்தபோதும் பிரவுன் தளராமல் இருந்ததற்கு இந்தப் பழக்கமே அடிப்படை என்று கருதுகிறேன். திரும்பத் திரும்பச் செய்வது அவருக்கு அவமானமாகப் படவில்லை. அது அவருடைய தொழிலின் இயல்பு.

நிலையத்தில் மற்றவர்கள் தூங்கிய பிறகும் அவர் தட்டச்சு செய்ததுண்டு. இவ்விடத்தில் தமிழில் நாம் வழங்கும் 'பொழுதுபோக்கு' என்ற சொல் இடறுகிறது. பொழுது போகாமல் இருப்பவனுக்குப் போக்க ஒரு வழி வேண்டும். பத்து நாள் தீயணைப்பும் இருபது நாள் கூலி வேலையும் செய்தவனுக்குப் பொழுது எங்கே மிச்சம் இருந்தது?

1987-இல் 'மிசிசிப்பி ரெவ்யூ' இதழில் அவருடைய ஒரு சிறுகதை வெளிவந்தது. மார்பக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மனைவியை நேராகப் பார்க்க இயலாமல் தொலைக்காட்சித் திரையைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடக்கும் கணவனின் கதை அது. கரடியும் யெல்லோஸ்டோனும் போன இடம் தெரியவில்லை. ஒரு படுக்கையறை, இரண்டு பேர், சொல்ல முடியாத ஒன்று. வட கரோலினாவில் உள்ள அல்கான்குவின் பதிப்பகத்தின் ஆசிரியர் ஷானன் ராவனெல் அதை வாசித்துவிட்டு, ஒரு தொகுப்புக்குப் போதுமான கதைகள் உள்ளனவா என்று கேட்டு எழுதினார். பிரவுனிடம் ஏறத்தாழ நூறு கதைகள் இருந்தன. 1988-இல் முதல் நூல் வெளிவந்தது. அப்போது அவர் தீயணைப்புத் துறையில் கேப்டன். 1990-இல் பணியிலிருந்து விலகி முழுநேரமும் எழுதத் தொடங்கினார்.

தீயைப் பற்றிய நூல்

பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் எழுதத் தொடங்கிய குறிப்புகளிலிருந்து உருவான 'ஆன் ஃபயர்' 1994-இல் வந்தது. தீயணைப்பு வீரர்களின் நினைவுக் குறிப்புகளில் பொதுவாகப் பெரிய தீவிபத்துகளும் மீட்புகளும் வரிசையாக வரும். இந்த நூலில் அப்படி இல்லை. சிறு சிறு துண்டுகள், காலவரிசை இல்லாமல் கிடக்கின்றன. ஒரு துண்டில் நொறுங்கிய காருக்குள் சிக்கியவரை திரவ அழுத்தத்தால் இயங்கும் வெட்டுக் கருவியால் தகட்டைப் பிளந்து வெளியே எடுக்கிறார்கள். அடுத்த துண்டில் வீட்டு நாய். அதற்கடுத்து வேட்டை, குடி, பிள்ளைகள், நிலையத்துச் சமையல். ஒழுங்கு குலைந்த நூல் என்று இதைக் குறை சொல்ல இடம் உண்டு. ஆனால் முறைப்பணியில் இருந்தவனின் நினைவு அப்படித்தான் சேமிக்கப்படும். நீண்ட சும்மா இருத்தல், இடையில் ஒரு மணியோசை, அதற்குப் பிறகு விடியும் வரை தூக்கமின்மை.

அவருடைய நாவல்களிலும் வேலையைப் பற்றிய துல்லியம் இதே வகையில் இருக்கிறது. 1991-இல் வந்த 'ஜோ' நாவலின் நாயகன், காட்டில் விலைபோகாத மரங்களுக்கு நஞ்சு ஏற்றிக் கொல்லும் கூலியாள்களை மேற்பார்வையிடுகிறவன். மரம் பட்டபின் அந்த இடத்தில் மர நிறுவனம் பைன் நடும். பைன் கன்றுகளை நட்டுக் கூலி வாங்கியவர் எழுதியதால், அங்கே காடு அழகிய பின்னணியாக வராமல், கூலி கணக்கிடப்படும் பணியிடமாக வருகிறது. இந்நாவலுக்கும் 1996-இல் வெளிவந்த 'ஃபாதர் அண்ட் சன்' நாவலுக்கும் தென் மாநில நூல் விமர்சகர் வட்டத்தின் புனைகதைப் பரிசு கிடைத்தது. அப்பரிசை இருமுறை பெற்ற முதல் எழுத்தாளர் அவரே. 'ஜோ' 2013-இல் நிக்கோலஸ் கேஜ் நடிப்பில் திரைப்படமானது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

தூலாவில் கட்டிய குடில்

எழுத்தைத் தவிர அவர் கையால் செய்தவற்றுள் முதன்மையானது, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்கிழக்கே தூலா என்னும் சிற்றூரில் ஒரு குளத்தங்கரையில் எழுப்பிய சிறு குடில். எழுதுவதற்காகத் தாமே அடித்தளம் இட்டு, சட்டம் நிறுத்தி, கூரை வேய்ந்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கட்டினார். பணம் கொடுத்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும் வேலை. 2001-இல் வந்த கட்டுரைத் தொகுப்பில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆணி, பலகை, மழை, தவறாக வெட்டிய துண்டு என்று செல்லும் அந்தக் கட்டுரையை எழுத்துக்கலை பற்றிய பாடமாகப் படிக்கச் சிலர் விரும்புவார்கள். அவ்வாறு உருவகமாக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அவருக்குக் குடில் கட்டுவதே பிடித்திருந்தது.

மாலை வேளைகளில் கிட்டார் வாசித்தார். பாட்டு எழுதவும் முயன்றார். இசைக் கலைஞர்கள் பலர் நண்பர்களானார்கள். அவர் மறைந்த பின், 2007-இல் அவர்கள் ஒன்றுசேர்ந்து அவர் நினைவாக ஓர் இசைத்தொகுப்பையே வெளியிட்டார்கள். ஒரு நாவலாசிரியருக்குப் பாடகர்கள் இப்படி அஞ்சலி செய்வது அடிக்கடி நடப்பதில்லை. குளத்து மீன்களைப் பற்றி அவர் கொண்ட அக்கறையும் சிறிதல்ல. கெளுத்தி இனத்தைச் சேர்ந்த கேட்ஃபிஷ் வளர்ப்பு மிசிசிப்பியில் பெருந்தொழில். அவருக்கு அது தொழில் அன்று, கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதற்கான காரணம்.

நினைவுகூர்தல் என்ற பெயரில் ஒருவரைத் துடைத்து மெருகேற்றி வைப்பது எங்கும் உள்ள வழக்கம். பிரவுன் விஷயத்தில் அது இயலாது, ஏனெனில் அவரே தம் எழுத்தில் அதற்கு இடம் விடவில்லை. அந்தி நேரத்தில் வண்டியில் பீர்ப் பெட்டியை வைத்துக்கொண்டு மண்சாலைகளில் தனியே சுற்றும் பழக்கத்தையும், குடி தம்மை இழுத்துச் சென்ற தொலைவையும், எழுதும் அறைக்குள் அடைந்துகிடந்தவனால் வீட்டார் பட்ட சுமையையும் அவர் மறைக்கவில்லை. விடுப்பு நாள்களை எழுத்துக்குக் கொடுத்தவன் அவற்றை வேறு யாரிடமிருந்தோ எடுத்துத்தான் கொடுத்திருக்கிறான். இந்தக் கணக்கும் ஆய்வில் சேர வேண்டியதே.

முடிவுறாத கைப்பிரதி

2004 நவம்பர் 24 அன்று, யோகோனாவில் உள்ள வீட்டில், மாரடைப்பால் பிரவுன் இறந்தார். வயது 53. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் பணியில் இருக்கும்போது இறப்பதற்கு முதற்காரணம் தீக்காயம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் திடீர் மாரடைப்பே அங்கே முதலிடத்தில் இருந்து வருகிறது. பிரவுன் பணியை விட்டுப் பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன என்பதால் அவர் மரணத்தை அந்தக் கணக்கோடு சேர்ப்பது முறையாகாது.

மேசையில் ஒரு நாவல் எஞ்சியிருந்தது. முதியவர் ஒருவர் தம் நிலத்தில் குளம் வெட்டி, மழைக்குக் காத்திருந்து, அதில் கேட்ஃபிஷ் குஞ்சுகளை விடுவதில் அது தொடங்குகிறது. கடைசி அத்தியாயங்கள் எழுதப்படவில்லை. அவருடைய முதல் தொகுப்பைக் கொண்டுவந்த அதே ஷானன் ராவனெல்தான் இதையும் பதிப்பித்தார். வேறு எழுத்தாளரை வைத்து முடித்துவைக்கும் வழி இருந்தும் அவர் அதை நாடவில்லை. நீளத்தைக் குறைத்த இடங்களில் வெட்டு விழுந்திருப்பது வாசகருக்குத் தெரியும்படி குறியிட்டார். எழுதப்படாத பகுதிக்குப் பிரவுன் வைத்திருந்த குறிப்புகளை அப்படியே இறுதியில் அச்சிட்டார். 'எ மிராக்கிள் ஆஃப் கேட்ஃபிஷ்' என்ற பெயரில் 2007-இல் அது வெளிவந்தது. மற்றவரின் வேலையில் எங்கே தம் கை பட்டது என்பதை மறைக்காமல் காட்டிய அந்தப் பதிப்பு முறை, இதுவரை பிரவுனுக்குச் செய்யப்பட்ட மரியாதைகளுள் மிகப் பொருத்தமானது என்று எண்ணுகிறேன்.

அவரைத் தூலாவில், குடிலுக்கு அருகே அதே குளத்தங்கரை நிலத்தில் அடக்கம் செய்தார்கள்.